மாவி கானபாலியில் ஐந்து இரவு: லுவாவுக்குக் காசு கொடுக்கலாமா, ஓட்டலின் சின்ன வகுப்புகளே போதுமா?

மதுரைக்காரி · செப்டம்பர் 14

எல்லோருக்கும் வணக்கம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஹவாயின் மாவி தீவுக்குப் போகிறோம். மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பா அம்மா, நான், கணவர், எட்டு வயது மகள், நான்கு வயது மகன். கானபாலி கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் ஐந்து இரவு தங்கல்.

ரிசார்ட்காரர்கள் நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். லெய் மாலை கோர்ப்பது, ஹுலா என்ற ஹவாய் நடன வகுப்பு, உக்குலேலே என்ற சின்ன கிட்டார், ஓலை பின்னல், காலையில் துடுப்புப் படகு, தோட்டத்தில் ஒரு நடை, அந்தி நேரத்தில் பாறையிலிருந்து கடலுக்குள் குதிக்கும் சடங்கு, இரவில் ஆட்டம் பாட்டத்தோடு லுவாவ் விருந்து. பாதிக்கு மேல் இலவசம். லுவாவ் மட்டும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 200 டாலர் பக்கம் வருகிறது. அம்மாவும் அப்பாவும் முட்டை கூடச் சாப்பிடாதவர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில் ஒரு கடற்கரை ஓட்டலில் 'உள்ளூர்ப் பண்பாட்டு இரவு' பார்த்தோம். ஒலிப்பதிவுப் பாட்டு, பிளாஸ்டிக் மாலை. ஆடிய பிள்ளைகளிடம் பாட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அறைக்குத் திரும்பியதும் அம்மா, "பாவம்டி அந்தப் பிள்ளைங்க" என்றார். எனக்கு அது மனசிலேயே நின்றுவிட்டது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவாசி · செப்டம்பர் 14

மாவியில் பதினோரு வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. பட்டியலில் நிகழ்ச்சியின் பெயரைப் பார்க்காதீர்கள், அதை யார் நடத்துகிறார் என்று கேளுங்கள். ரிசார்ட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "உங்களிடம் பண்பாட்டு ஆலோசகர் இருக்கிறாரா? ஹுலா சொல்லிக்கொடுப்பவர் எந்த ஹாலாவைச் சேர்ந்தவர்?" என்று கேட்டுப் பாருங்கள். ஹாலாவ் என்பது ஹுலா பள்ளி. அதன் ஆசான் குமு ஹுலா. பதில் உடனே வந்தால் நல்ல இடம். "யாராவது வருவார்கள்" என்று இழுத்தால் நீங்கள் முன்பு பார்த்த கதைதான்.

கானபாலியில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கானபாலி பீச் ஹோட்டல் (இப்போது அவுட்ரிகர் கானபாலி பீச் ரிசார்ட்) 1986 முதல் தன் ஊழியர்களுக்கே ஹவாய்ப் பண்பாட்டைப் பயிற்றுவித்து வருகிறது. அறை சுத்தம் செய்பவர், தோட்டக்காரர், வரவேற்பில் நிற்பவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான். அப்படிப் பழகிய ஊழியர் ஒருவர் மதியம் மரத்தடியில் உட்கார்ந்து கீ என்ற செடியின் இலையில் மாலை முறுக்கக் கற்றுக்கொடுப்பதும், மேடையில் விளக்குப் போட்டு ஆடுவதும் ஒன்றாகாது.

பாறைச் சடங்கைத் தவறவிடாதீர்கள். பிளாக் ராக் என்று சொல்கிறார்களே, அதன் உண்மையான பெயர் புவு கெக்கா. இறந்தவர்களின் ஆவி முன்னோர் உலகுக்குத் தாவிப் போகும் இடம் என்று ஹவாய் மக்கள் நம்பிய முனை அது. சாதாரண மனிதர் குதிக்கத் தயங்கிய அந்த இடத்திலிருந்து மாவியின் அரசன் கஹெகிலி குதித்தான் என்பது மரபு. சூரியன் இறங்கும்போது ஒருவர் பந்தங்களை ஏற்றிக்கொண்டே பாறை மேல் ஓடி, தீப்பந்தத்தையும் மாலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குதிப்பார். கடற்கரையில் எங்கே நின்றும் பார்க்கலாம், எந்த ஓட்டலில் தங்கியிருந்தாலும் பரவாயில்லை. ஹவாயில் கடற்கரை எல்லோருக்கும் பொது.

பகலில் அதே பாறையடியில் முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்க இறங்குவார்கள். கரையோரம் சரி. முனையைத் தாண்டினால் நீரோட்டம் இழுக்கும், பிள்ளைகளை விடாதீர்கள். ஆமை வந்தால் 10 அடி தள்ளியே நில்லுங்கள். சன்ஸ்கிரீன் இங்கிருந்து வாங்கிப் போவதாக இருந்தால் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். பவளப்பாறையைக் காக்க 2022 அக்டோபர் முதல் மாவியில் மற்றவற்றுக்குத் தடை.

திமிங்கிலத்தை நம்பி இருக்க வேண்டாம். டிசம்பருக்குப் பிறகுதான் கூட்டமாக வரும். நவம்பர் கடைசியில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

குமரன்77 · செப்டம்பர் 15

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 2023 ஆகஸ்ட் 8 அன்று பக்கத்து ஊர் லஹைனா எரிந்து சாம்பலானது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் அதிகமான கட்டடங்கள் போயின. வீடு இழந்தவர்கள் மாதக்கணக்கில் அதே கானபாலி ஓட்டல் அறைகளில் இருந்தார்கள். அந்த மண்ணுக்கு விருந்தாளியாகப் போய்க் கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. 1893இல் அவர்களுடைய ராணி லிலியுவோகலானியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1896இல் பள்ளிப் பாடமொழி ஆங்கிலம் என்று சட்டம் போட்டார்கள். இரண்டு தலைமுறையில் மொழி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. மொழிக்காகப் போராடிய நமக்கு இது புரியாமல் இருக்காது. முதலில் எல்லாவற்றையும் பறித்துவிட்டு, மிச்சம் இருப்பதை 'அனுபவம்' என்று விருந்தினருக்கு விற்பதில் நாமும் ஏன் பங்கெடுக்க வேண்டும்?

மதுரைக்காரி · செப்டம்பர் 15

குமரன் அண்ணா, இதை நானும் யோசித்தேன். டிக்கெட் போட்டபோது பாதி மனசோடுதான் போட்டேன். அங்கே இருந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கத்தான் ஆசை.

அலைவாசி · செப்டம்பர் 15

குமரன், நீங்கள் சொன்னதில் ஒரு வரி கூடப் பொய்யில்லை. தீ வந்த வாரங்களில் "வராதீர்கள்" என்று சொன்ன அதே மக்களில் பலர், பிறகு வேலை இல்லாமல் வீட்டு வாடகை கட்ட முடியாமல் தவித்தார்கள். மேற்கு மாவியை அந்த அக்டோபரில் திறந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. துக்கம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. போவதாக இருந்தால் எப்படிப் போகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. எரிந்த தெருக்களில் நின்று படம் எடுக்காதீர்கள். யாரிடமும் தீயைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். 1978இல் ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழியானது. 1984இல் முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் பூனானா லேயோ மழலைப் பள்ளிகள் தொடங்கின. மூன்று வருடத்தில் அரசுப் பள்ளிகளிலும் அந்த வழிக் கல்வி வந்தது. அப்படிப் படித்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இன்று ரிசார்ட்டுகளில் வேலை பார்க்கிறார்கள். விருந்தினர் முன்னால் அவர்கள் ஓலி என்ற ஓதும் பாட்டைப் பாடும்போது மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதில்லை. சொந்தமாகப் பேசும் மொழி அது.

ஓட்டல்களைத் தட்டிக் கேட்ட கதையும் இருக்கிறது. கானபாலிக்கு வடக்கே கபலுவாவில் ஹோனோகஹுவா என்ற மணல்மேடு. 1980களின் கடைசியில் அங்கே ஓட்டல் கட்டத் தோண்டியபோது 900க்கும் மேற்பட்ட முன்னோர் உடல்கள் வெளிப்பட்டன. ஹவாய் மக்கள் கொந்தளித்து எழுந்தார்கள். கடைசியில் ஓட்டலைக் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று. எலும்புகளை மறுபடி அதே மண்ணில் அடக்கம் செய்தார்கள். புதைகுழிகளைக் காக்கும் மாநிலச் சட்டம் 1990இல் வந்ததற்கே இதுதான் காரணம். இன்று அது புல் மூடிய திடல். கடலோர நடைபாதையில் போகும்போது பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது. அப்பாவால் முடிந்தால் அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.

சலங்கை · செப்டம்பர் 16

ஃப்ரீமாண்ட் ஊரில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஓவாஹு தீவில், வைகிகியில் ஓர் ஓட்டல் புல்தரையில் ஹுலா வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மணி நேரம்தான். ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

முழங்காலை மடக்கித்தான் ஆட வேண்டும். பரதத்தின் அரைமண்டி போல அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் நிமிர்ந்தால் ஆசிரியர் உடனே சொல்வார். பக்கவாட்டில் நடக்கும் அடிக்குக் காஹோலோ என்று பெயர், முதலில் அதைத்தான் பழக்கினார். அப்புறம் கை. மழை, மலை, அலை, பூ, காதல் எல்லாம் கையில்தான். "கையைப் பாருங்கள், கதை அங்கே இருக்கிறது" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்றுதானே நாமும் முதல் வகுப்பில் சொல்கிறோம்.

ஹுலாவில் இரண்டு வகை. காஹிகோ பழையது. மந்திரம் போல ஓதும் பாட்டு, சுரைக்குடுக்கைத் தாளம், சுறாத்தோல் போர்த்திய பஹு மத்தளம். ஆவானா பிற்காலத்தது, உக்குலேலே, கிட்டார் சேரும். ரிசார்ட் வகுப்புகளில் பெரும்பாலும் ஆவானாதான். காஹிகோ பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். உட்கார்ந்து, பேசாமல், கைபேசியை எடுக்காமல் பாருங்கள்.

புல்லுப் பாவாடையை வைத்து ஹுலாவை எடை போடாதீர்கள். அது ஹவாயின் பழைய உடையே இல்லை. மரப்பட்டையை அடித்து நெய்யாமல் செய்யும் கப்பா துணியைத்தான் உடுத்தினார்கள், கீ இலைப் பாவாடை பிறகு வந்தது.

1830இல் கஆஹுமானு அரசி கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகு பொது இடத்தில் ஹுலா ஆடத் தடை போட்டார். அது ஒழுக்கக்கேடு என்பதுதான் காரணம். வீடுகளுக்குள், கிராமங்களில் ஒளிந்து உயிர் பிழைத்தது. 1883இல் கலாகௌவா அரசர் தன் முடிசூட்டு விழாவில் வெளிப்படையாக ஆட வைத்தார். அவருடைய பட்டப்பெயரில்தான் ஹிலோவில் 1960கள் முதல் மெர்ரி மோனார்க் என்ற ஹுலா விழா நடக்கிறது. பரதத்தின் முன்னோடியான சதிருக்கு இதே போல நேர்ந்ததை அறிந்த எனக்கு இதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. மகளைக் கட்டாயம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், மதுரைக்காரி. அம்மாவும் உட்கார்ந்து கையை மட்டும் ஆடலாம், உட்கார்ந்தே ஆடும் ஹுலாவும் உண்டு.

பாஸ்கர்_ஆஸ்டின் · செப்டம்பர் 16

லுவாவ் பற்றி யாருமே சொல்லவில்லையே? நாங்கள் போனோம். நெருப்புக் கத்தி ஆட்டம் அருமை. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

அலைவாசி · செப்டம்பர் 16

பாஸ்கர், அந்த நெருப்புக் கத்தி சமோவா தீவுகளின் ஆட்டம். இடுப்பை வேகமாக ஆட்டுவது தாகித்தியுடையது. ஒரே மேடையில் பசிபிக் முழுவதையும் காட்டும்போது எல்லாம் ஹவாய் என்று தோன்றிவிடுகிறது. நல்ல தொகுப்பாளர் ஒவ்வொன்றும் எந்தத் தீவு என்று சொல்லிவிட்டுத்தான் ஆட வைப்பார். லஹைனாவில் ஓல்ட் லஹைனா லுவாவ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நெருப்புக் கத்தியே கிடையாது, ஹவாயின் கதைதான். தீயில் தப்பி, 2024இல் மறுபடி திறந்தார்கள். செலவு செய்வதென்றால் என் தேர்வு அது.

மதுரைக்காரிக்கு: லுவாவின் நடுநாயகம் இமு, அதாவது மண்ணுக்குள் தோண்டிய அடுப்பு. சுட்ட கல், வாழைத்தண்டு, இலை எல்லாம் போட்டு முழுப் பன்றியை மூடி மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். தோண்டி எடுப்பதை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். சைவம் சாப்பிடும் பெரியவர்களை முன்னால் கொண்டு நிறுத்திவிடாதீர்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லாவ்லாவ் என்பது இலையில் பொதிந்திருக்கும், பார்த்தால் நம் கொழுக்கட்டை மாதிரி தோன்றும். உள்ளே பன்றி இறைச்சியும் மீனும் இருக்கும். தேங்காய்ப் பாலில் செய்யும் ஹௌபியா, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, 'போய்' என்ற சேம்புக் கூழ் இவற்றைத் தயங்காமல் சாப்பிடலாம்.

புன்னைநிழல் · செப்டம்பர் 17

செடி கொடிப் பைத்தியம் நான். யாரும் தொடாத ஒன்று பட்டியலில் இருக்கிறது, தோட்ட நடை. முழங்கால் வலி உள்ள அப்பாவுக்கு அதுதான் சரியான நிகழ்ச்சி. மெதுவாக, நிழலில், நின்று நின்று போவார்கள்.

அங்கே மிலோ என்று ஒரு மரம் காட்டுவார்கள். இதய வடிவ இலை, மஞ்சள் பூ. அது நம் பூவரசு, அதே இனம். கமானி என்று காட்டுவது புன்னை, அதுவும் அதே இனம்தான். இந்த இரண்டு மரத்திலும் அவர்கள் உணவுக் கிண்ணம் கடைந்தார்கள். ஹலா என்பது நம் தாழைக்கு நெருங்கிய உறவு. அதன் ஓலையில்தான் பாய், தொப்பி, வளையல் பின்னக் கற்றுத்தருவார்கள். ஓரத்து முள்ளை எடுத்து, சுருட்டிப் பதப்படுத்தி, கீறிப் பின்னும் வேலை. ஆண்மரத்துப் பூவுக்கு ஹீனானோ என்று பெயர், மணக்கும். நாம் தாழம்பூ என்று தலையில் வைப்பதும் ஆண் பூதான். மணலில் படர்ந்து கிடக்கும் ஊதாப் பூக்கொடி போஹுவேஹுவே, ஆட்டுக்கால் போலப் பிளந்த இலை. வேறென்ன, நம் அடும்பு! அலை வரவில்லையென்றால் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் அந்தக் கொடியால் கடல் நீரை அடித்து அலையை அழைப்பார்களாம்.

புன்னை, தாழை, அடும்பு மூன்றும் ஒரே கரையில். நெய்தல் நிலத்தைப் பசிபிக்கின் நடுவில் பார்க்கிறோம் என்று எனக்கு அங்கே தோன்றியது. வேறெந்த ஊர்க்காரருக்கும் இந்த நடை நமக்குப் படுவது போலப் படாது.

ஹவாய்க்கு முதலில் வந்த மக்கள் தோணியில் இருபத்துச் சொச்சம் செடிகளைக் கொண்டுவந்தார்கள். தென்னை, வாழை, கரும்பு, ஈரப்பலா, சேம்பு, மஞ்சள். மஞ்சளை ஓலேனா என்கிறார்கள். மஞ்சள் கலந்த உப்பு நீரைக் கீ இலையால் தெளித்து இடத்தையும் மனிதரையும் தூய்மைப்படுத்துவது அவர்கள் சடங்கு. அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

சேம்பைப் பற்றி ஒரு கதை. அவர்கள் மொழியில் கலோ. வானத் தந்தை வாகேயாவுக்கு ஒரு மகன் இறந்தே பிறந்தான். புதைத்த இடத்தில் முளைத்ததுதான் முதல் கலோ. அடுத்துப் பிறந்த தம்பி ஹாலோவா, மனிதகுலத்தின் முன்னோன். ஆக சேம்பு மனிதனுக்கு அண்ணன். அதை வேகவைத்துக் கல்லால் இடித்து நீர் விட்டுக் குழைப்பதுதான் 'போய்'. மேசையில் 'போய்' கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை போடக் கூடாது, அண்ணன் உட்கார்ந்திருக்கிறான் என்பது வழக்கம். தாய்க் கிழங்கின் பக்கத்தில் வெடிக்கும் கன்று ஓஹா, குடும்பம் என்ற ஓஹானா அதிலிருந்து வந்தது என்கிறார்கள். வாழையடி வாழை என்று நாம் சொல்வதை அவர்கள் சேம்படியில் வைத்துச் சொல்கிறார்கள். முதல் நாள் 'போய்' சப்பென்று இருக்கும், இரண்டாம் நாள் புளிக்கும். புளித்ததைக் கேட்டு வாங்குங்கள், பழைய சோறு சாப்பிட்டவருக்கு அது பிடித்துப்போகும்.

யாழ்_கடல் · செப்டம்பர் 17

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். படகைப் பற்றி நான் சொல்ல வேண்டும், எங்கள் குடும்பம் கடலோடு இருந்த குடும்பம்.

காலையில் ஆறு பேர் துடுப்பு வலிக்கிற 'வா' என்ற தோணியில் போனோம். ஒரு பக்கம் மிதவை, அதற்கு அமா என்று பெயர். அதைத் தோணியோடு இணைக்கிற இரண்டு வளைந்த மரம் இயாகோ. முன்னால் இருப்பவர் வலிக்கும் வேகத்தைத் தீர்மானிப்பார், ஆறாவது இடத்தில் இருப்பவர் சுக்கான் பிடிப்பார். நடுவில் ஒருவர் சத்தம் போட்டதும் எல்லாரும் துடுப்பைப் பக்கம் மாற்ற வேண்டும். ஏறமுதல் அந்தப் பெரியவர் எங்களைச் சுற்றி நிற்க வைத்துக் கடலிடம் அனுமதி கேட்டு ஓதினார். தோணியைத் தாண்டிக் கால் வைக்காதேங்கோ, சுற்றிப் போங்கோ என்றார். என் அப்பப்பா சொன்ன அதே சொல்.

அதே கரையில் சூரியன் விழும் நேரம் பாய் விரித்துப் போகிற 'கட்டமரான்'கள் நிற்கும். அந்தச் சொல் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனது என்று அந்தப் பெரியவருக்குச் சொன்னேன். திரும்பத் திரும்ப "கட்டு, மரம்" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஹோகுலேயாவைப் பற்றிக் கதைத்தார். 1976இல் இதே மாவியிலிருந்து திசைகாட்டியும் வரைபடமும் இல்லாமல் நட்சத்திரம், அலை, பறவை பார்த்துத் தாகித்தி வரை போன இரட்டைத் தோணி. வழி காட்டினவர் மைக்ரோனீசியாவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக், ஏனென்றால் அந்தக் கலை ஹவாயில் அற்றுப்போயிருந்தது. ஹோகுலேயா என்பது ஒரு நட்சத்திரத்தின் பேர், எங்களுக்குச் சுவாதி.

நீங்கள் நவம்பரில் போறீங்கள், அப்போது சுவாதி மாலையில் தெரியாது. ஆனால் பொழுதுபட்டதும் கிழக்கே கார்த்திகை மீன் கூட்டம் இருக்கும். அவர்கள் அதை மகாலியி என்பார்கள். அது அந்தியில் உதிப்பதை வைத்துத்தான் மகாஹிகி என்ற நான்கு மாத விழாக்காலம் தொடங்கும். போர் நிறுத்தி, அறுவடை கொண்டாடி, விளையாடும் காலம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ.

குமரன்77 · செப்டம்பர் 18

எல்லோருடைய பதிவையும் நிதானமாகப் படித்தேன். என் தயக்கம் முழுக்கப் போகவில்லை. ஆனால் ஹோனோகஹுவா பற்றி எனக்குத் தெரியாது, நன்றி அலைவாசி. மதுரைக்காரி, போய் வந்து எழுதுங்கள். காசு யார் கைக்குப் போகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

மதுரைக்காரி · டிசம்பர் 6

போன வாரம் திரும்பினோம். தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லோருக்கும் ஜலதோஷம்.

அலைவாசி சொன்ன இரண்டு கேள்வியையும் போன் செய்து கேட்டேன். பதில் பளிச்சென்று வந்தது. லெய் வகுப்பை நடத்துபவர் முப்பது வருடமாக அங்கே வேலை பார்ப்பவர், லஹைனாவில் பிறந்தவர். அங்கே பெரியவர்களை எல்லோருமே ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பிள்ளைகளுக்கு அது புதிதே இல்லை.

வகுப்பில் நீள ஊசியும் நூலும் கொடுத்துப் பூவின் நடுவில் குத்திக் கோர்க்கச் சொன்னார். குயி என்று பெயர். அம்மா ஊசியை எடுக்கவேயில்லை. நூலை இடது கைவிரலில் சுற்றி, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து முடி போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார், வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லி கட்டுவதைப் போல. ஆன்ட்டி தன் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெதுவாக, இன்னொரு முறை" என்று என்னைச் சொல்லச் சொன்னார். நான்காவது முறை அவரே கட்டினார். பதிலுக்கு அம்மாவுக்கு விலி சொல்லித்தந்தார், இலையையும் பூவையும் சேர்த்து நாரால் சுற்றிக் கட்டும் முறை. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இருவரும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நான் பாதி நேரம் மொழிபெயர்க்கவே இல்லை.

மல்லியை அங்கே பீகாகே என்கிறார்கள். மதுரை மல்லியின் அதே இனம். இளவரசி கையுலானிக்கு மயிலும் மல்லியும் பிடிக்கும், அதனால் மயிலின் பெயரையே பூவுக்கு வைத்துவிட்டார்களாம். கல்யாணப் பெண்கள் சரம் சரமாகப் போட்டுக்கொள்கிறார்கள். ராணி லிலியுவோகலானிக்குப் பிடித்த மாலை எது தெரியுமா? எருக்கம்பூ! அம்மா, "பிள்ளையாருக்குப் போடுறதாச்சே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதையும் ஆன்ட்டிக்குச் சொன்னேன்.

அப்பா தோட்ட நடையில் பூவரச மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கீழே விழுந்திருந்த இலையைச் சுருட்டி, நுனியை அமுக்கி பீப்பீ ஊதினார். எழுபத்திரண்டு வயதில்! வழிகாட்டிய இளைஞர் தானும் ஓர் இலை எடுத்துச் சுருட்டினார், வரவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்து நுனியை எப்படி அமுக்க வேண்டும் என்று காட்டினார். அடுத்த நாள் காலையில் அந்த இளைஞர் வேறொரு குழுவுக்கு அதை ஊதிக் காட்டுவதை மாடியிலிருந்து பார்த்தோம். புன்னைநிழல், உங்களுக்குத்தான் நன்றி.

லுவாவுக்குக் கணவரும் மகளும் மட்டும் போனார்கள். தொகுப்பாளர் ஒவ்வொரு ஆட்டமும் எந்தத் தீவுடையது என்று சொன்னாராம். மகளுக்கு அதைவிட ஹுலா வகுப்பே பிடித்திருந்தது. வீட்டில் இன்னும் காஹோலோ நடந்துகொண்டிருக்கிறாள். தம்பி போய்க்குச் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டான். பாறைச் சடங்கை மூன்று மாலை பார்த்தோம். கதையைச் சொன்ன பிறகு அம்மா ஒவ்வொரு முறையும் கைகூப்பினார். யாழ்_கடல் அண்ணா, மகாலியியைப் பார்த்தோம், கடலுக்கு எதிர்ப்பக்கம் மலை மேலே.

குமரன் அண்ணா, வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. ஆன்ட்டி வெளியே ஒரு கைவினைச் சந்தையில் கடை போடுவதாகச் சொன்னார். சனிக்கிழமை அங்கே போய் அவர் பின்னிய இரண்டு வளையல், ஒரு தொப்பி வாங்கினோம். லஹைனாவுக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் அந்த ஊரின் பழைய ஆலமரத்தைப் பற்றி ஆன்ட்டியே சொன்னார். 1873இல் இந்தியாவிலிருந்து கன்றாக வந்து நட்டது. தீயில் கருகி, ஒரு பகுதி போய், மறுபடி துளிர்த்திருக்கிறது. "உங்கள் ஊர் மரம்தான், எங்களோடு நின்றது" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆன்ட்டி என்ன சொன்னார் என்று அம்மா கேட்டதும் சொன்னேன். அம்மா எழுந்து போய் ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சலங்கை · டிசம்பர் 6

மாலையை என்ன செய்தீர்கள்? நான் வாடியதைக் குப்பையில் போடப் போய் ஓட்டல் ஊழியர் ஒருவர் தடுத்தார்.

மதுரைக்காரி · டிசம்பர் 7

ஆன்ட்டி முதலிலேயே சொல்லிவிட்டார். கொடுத்தவர் முன்னால் கழற்றக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. வாடினால் நூலை உருவிவிட்டுப் பூவை மண்ணுக்கே கொடுத்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முனை சேர்த்துக் கட்டிய மாலை போட மாட்டார்களாம், திறந்த மாலைதான். கிளம்பும் அன்று அம்மா நூலைப் பிரித்து, பூக்களைப் பூவரச மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். அவர் கட்டியது மட்டும் அங்கே இல்லை, அதை முதல் நாளே ஆன்ட்டி கேட்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.